கொட்டாவி விட்டால் கேட்கும் காது

என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. டிவியில் செய்தி ஓடும்போது மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு, வாயை இறுக்கி மூடி, ஒரு தம் அழுத்துவார். "ம்ம், இப்ப கேக்குது" என்பார். பெரிதாகக் கொட்டாவி விட்டாலும் அதே கதைதான். இரண்டு மூன்று நிமிடம் தெளிவாகக் கேட்கும், அப்புறம் பழையபடி மந்தம். 2016, 17 வாக்கில் இது வீட்டில் ஒரு ஜோக்காகவே ஆகிவிட்டது. "அத்தைக்கு ஆன்டெனா சரியில்லை, கொஞ்சம் திருப்பி வைங்க" என்று சொன்னவன் நான்தான்.

அவருக்கு 1993-ல் வலது காதில் ஆபரேஷன் ஆகியிருந்தது. "உள்ள ஒரு கம்பி வச்சிருக்காங்க" என்பதற்கு மேல் எங்கள் யாருக்கும் விவரம் தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியை ஒரு பழைய பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டு நகலோடு சேர்த்து பத்திரமாக வைத்திருந்தார். 2018-ல் ஒரு நாள் அதை வாங்கிப் பார்த்தேன். கோழிக் கிறுக்கலில் 'ஸ்டேப்பிடெக்டமி' என்று ஒரு சொல். அந்தச் சொல்லில் ஆரம்பித்த தேடலின் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.ஈ. படித்துவிட்டு கோடு எழுதிப் பிழைக்கிறவன். இதை வாசித்துவிட்டு யாரும் வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டாம்.

பள்ளிக்கூடப் பாடத்தில் படித்திருப்பீர்கள். செவிப்பறைக்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள்: சுத்தி, பட்டடை, அங்கவடி. அங்கவடி என்றால் குதிரை ஏறுபவர் கால் வைக்கும் வளையம். எலும்பும் அச்சு அசல் அப்படியேதான் இருக்கும். உடம்பிலேயே சின்ன எலும்பு இது. உயரம் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், எடை 3 மில்லிகிராம் அளவு. இதன் அடித்தட்டு உட்செவியின் ஓவல் ஜன்னலில் ஒரு பிஸ்டன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் திரவம்.

இந்த ஏற்பாடு எதற்கு? காற்றில் வரும் ஒலி நேராகத் திரவத்தில் மோதினால் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். குளத்துக்குள் முங்கியிருக்கும்போது கரையில் பேசுவது கேட்காதே, அதே விஷயம்தான். செவிப்பறையின் பயன்படும் பரப்பு ஏறக்குறைய 55 சதுர மில்லிமீட்டர். அங்கவடியின் அடித்தட்டு 3 சதுர மில்லிமீட்டர் சொச்சம். பெரிய பரப்பில் வாங்கிய விசையைச் சின்னப் பரப்பில் கொடுப்பதால் அழுத்தம் சுமார் 17 மடங்கு ஏறுகிறது. சுத்தியும் பட்டடையும் நெம்புகோலாக வேலை செய்து இன்னொரு 1.3 மடங்கு சேர்க்கின்றன. மொத்தம் 22 மடங்கு. பேட்டரி இல்லாத ஆம்ப்ளிஃபையர்!

ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்ற நோயில் அந்த அடித்தட்டின் ஓரத்தில் புது எலும்பு வளர்ந்து, அங்கவடி ஜன்னலோடு ஒட்டிக்கொள்கிறது. பரம்பரையாக வரக்கூடியது. பெண்களிடம் அதிகம் தெரிகிறது. கர்ப்ப காலத்தில் காது மந்தமானதாகப் பலர் சொல்கிறார்கள் (கர்ப்பம்தான் காரணமா என்பதில் சண்டை ஓயவில்லை). அத்தைக்கும் இரண்டாவது குழந்தைக்குப் பிறகுதான் ஆரம்பம். இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. சத்தமான இடத்தில் இவர்களுக்கு நன்றாகக் கேட்கும். 1672-லேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பக்கத்தில் யாராவது முரசு அடித்தால் மட்டும் கணவன் பேசுவது கேட்கும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். முரசுச் சத்தத்தில் மற்றவர்கள் தொண்டையை உயர்த்திப் பேசுவார்கள், இவர்களுக்கோ அந்த முரசே பாதிதான் கேட்கும், அதனால்தான். டவுன் பஸ்ஸில் மட்டும் அத்தை ஊர்வம்பு முழுவதையும் கேட்டுக்கொண்டு வருவார். "காது கேக்காதுன்னு நடிக்கிறா" என்று பாட்டி திட்டியதற்கு இந்த பஸ்தான் ஆதாரம்.

ஒட்டிக்கொண்ட அங்கவடியை முதலில் பார்த்தவர்கள் பிணங்களை அறுத்தவர்கள்தான். 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் வல்சால்வா. மூக்கைப் பிடித்து அழுத்துகிற அந்த வித்தைக்கு இன்றும் அவர் பெயர்தான், நம் கதைக்கு அது பொருத்தம். பிறகு லண்டனில் ஜோசப் டாயின்பீ, ஆயிரத்துக்கும் மேற்பட்ட காதுகளை அறுத்துப் பார்த்தவர். காது இரைச்சலுக்கு மருந்து தேடி, தன்மேலேயே வேதிப்பொருட்களை முகர்ந்து சோதித்தபோது 1866-ல் இறந்துபோனார். வியன்னாவின் ஆடம் பொலிட்சர் 1890-களில் இது தனி நோய் என்று நிறுவினார்.

ஒட்டியிருக்கிறது என்றால் ஆட்டிவிடலாமே, இல்லையென்றால் பிடுங்கிவிடலாமே? 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் கெஸ்ஸல், பிரான்ஸில் மியோ, பாஸ்டனில் ஜாக். சிலருக்குக் கேட்டது. ஆனால் ஆன்டிபயாடிக் இல்லாத காலம். உட்செவிக்குள் கிருமி போனால் அடுத்தது மூளைதான். 1900-ஐ ஒட்டிப் பொலிட்சர் போன்ற பெரிய தலைகள் சேர்ந்து, அங்கவடியைத் தொடுவது பயனற்றது, ஆபத்தானது என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு அந்த எலும்பு தீண்டத்தகாததாக ஆனது. அந்த இடைக்காலத்தில் வந்தது சுற்றுவழி. ஸ்வீடனின் ஹோல்ம்கிரென், பிரான்ஸின் சூர்தீல் இவர்கள் வழியில் நியூயார்க்கின் லெம்பெர்ட் 1938-ல், ஒட்டிய ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு அரைவட்டக் குழாயில் புது ஜன்னல் திறந்தார். கேட்டது, ஆனால் முழுசாக இல்லை. எலும்புச் சங்கிலியே வேலையில் இல்லாததால் 20, 25 டெசிபெல் நஷ்டம் நிரந்தரம். தலைசுற்றல் வேறு. குடைந்த குழியை ஆயுள் முழுக்க டாக்டரிடம் போய்ச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும்.

1952-ல் நியூயார்க்கில் சாமுவேல் ரோசன் இந்த லெம்பெர்ட் ஆபரேஷனுக்குத் தயாராகும்போது, அங்கவடி உண்மையிலேயே ஒட்டியிருக்கிறதா என்று ஒரு கருவியால் லேசாக அழுத்திப் பார்த்தார். நோயாளி மயக்கத்தில் இல்லை, மரத்துப்போக ஊசி மட்டும்தான். அவர் திடீரென்று எல்லாம் கேட்கிறது என்றார்! தற்செயலாக ஆட்டிவிட்டதில் எலும்பு விடுபட்டுவிட்டது. கெஸ்ஸல் செய்ததைத்தான், தெரிந்தோ தெரியாமலோ, இவரும் செய்தார். ஆனால் இப்போது பென்சிலின் இருந்தது. அடுத்த வருடமே ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தின் அறுவை மைக்ரோஸ்கோப் சந்தைக்கு வந்தது. சிக்கல் என்னவென்றால், ஆட்டிவிட்ட எலும்பு பலருக்கும் சில மாதங்களில் திரும்ப ஒட்டிக்கொண்டது.

1956 மே 1. மெம்ஃபிஸ் நகரில் ஜான் ஷீ என்ற இளம் டாக்டர், 54 வயதுப் பெண் ஒருவரின் அங்கவடியை முழுசாக எடுத்துவிட்டு, ஜன்னலை மெல்லிய திசுவால் மூடி, அதன்மேல் டெஃப்லானில் செய்த ஒரு போலி அங்கவடியை வைத்தார். ஆமாம், நம் தோசைக்கல் டெஃப்லான்தான். அவருக்குக் கேட்டது. இன்று உலகம் முழுக்கச் செய்யப்படுகிற ஆபரேஷனுக்கு அதுதான் தொடக்கம்.

பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தில் கைதட்டி முடித்துவிடுகின்றன. எனக்குக் கேள்வியே இங்கேதான் ஆரம்பித்தது. போலி எலும்பின் ஒரு முனை ஜன்னலில். சரி. இன்னொரு முனையை பட்டடை எலும்போடு எப்படிப் பிணைப்பது? இயற்கையில் அங்கே ஒரு மூட்டு இருக்கிறது, ஜவ்வு இருக்கிறது. இங்கே பிளாஸ்டிக்கும் எலும்பும். ஆணி அடிக்க முடியாது, திருகு போட முடியாது. பட்டடையின் நீண்ட காம்பு அந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லை. அதைக் கொஞ்சம் பலமாக இழுத்தால் சுத்தியோடு உள்ள மூட்டு கழன்றுவிடும். காதுக்குள் சில மில்லிமீட்டர் அகலக் குழல் வழியே, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டு, நீளமான இடுக்கியால் இதைச் செய்ய வேண்டும். இந்தப் பிணைப்பு கடத்த வேண்டிய அசைவோ, சாதாரணப் பேச்சுக்கு நானோமீட்டர் அளவிலும் அதற்குக் கீழும். அதாவது கண்ணுக்கு 'டைட்டா இருக்கு' என்று தெரிகிற பிணைப்பில்கூட, ஒலியின் கணக்கில் ஏகப்பட்ட லொடலொடப்பு இருக்கலாம்.

ஹார்வர்டில் பின்னாளில் பேர்பெற்ற ஹரால்ட் ஷுக்னெக்ட், 1960 வாக்கில் மெல்லிய ஸ்டீல் கம்பியை எடுத்தார். ஒரு முனையில் நோயாளியின் கொழுப்புத் திசுவைச் சின்ன முடிச்சாகக் கட்டி ஜன்னலில் வைப்பது, மறுமுனையைக் கொக்கியாக வளைத்து பட்டடைக் காம்பில் மாட்டி இடுக்கியால் நெரிப்பது. இந்த நெரிப்புக்குப் பெயர் கிரிம்ப். நெட்வொர்க் கேபிளுக்கு ஜாக் அடித்தவர்களுக்கு இந்தச் சொல் தெரியும், அதன் வேதனையும் தெரியும். விளக்கு எரியும், பிங் போகும், ஆனால் லோடு ஏறினால் பாக்கெட் விழும். பிரித்துப் பார்த்தால் எட்டில் ஒரு கம்பி சரியாகக் கடிபட்டிருக்காது. ஸ்டீலுக்கு இன்னொரு குணம், நெரித்து விட்டால் கொஞ்சம் திரும்ப விரியும். மெக்கானிக்கல்காரர்கள் ஸ்பிரிங்பேக் என்பார்கள். டாக்டர் இடுக்கியை எடுத்த அடுத்த கணமே வளையம் ஒரு முடியளவு தளர்ந்திருக்கும்.

மென்டெல் ராபின்சன் என்பவர் நெரிக்கவே வேண்டாம் என்று, வாளி மாதிரி ஒரு கிண்ணமும் அதற்கு ஒரு கைப்பிடியும் வைத்தார். பட்டடையின் நுனி வாளிக்குள் உட்காரும், கைப்பிடி மேலே விழும். எனக்குப் பிடித்த வடிவம் இது, பொறியாளர் புத்தி. ஷீ தன் பங்குக்கு டெஃப்லான் பிஸ்டனுக்கு வந்தார். அதன் வளையத்தை விரித்து மாட்டினால், பழைய வடிவத்துக்கே தானாகத் திரும்பி மெதுவாகப் பிடித்துக்கொள்ளும். பிளாட்டினம் நாடா வந்தது. பிளாட்டினம் மிருது, வளைத்த இடத்தில் நிற்கும். பிற்பாடு டைட்டானியம் வந்தது, அது விறைப்பு, நெரிக்க அதிக பலம் வேண்டும். ஒன்றில் நல்லது இன்னொன்றில் கெட்டது.

இதில் நான் ரசித்தது ஜூரிக்கின் உகோ ஃபிஷ் செய்த மாற்றம். அவர் புதிதாகச் சாமான் எதையும் கண்டுபிடித்து இதைச் செய்யவில்லை, செய்முறையின் வரிசையை மாற்றினார். வழக்கமாக முதலில் அங்கவடியின் வளைவை எடுத்துவிட்டு, பிறகு பிஸ்டனை மாட்டுவார்கள். எடுத்ததும் பட்டடைக் காம்பு பிடிமானம் இல்லாமல் ஊசலாடும், ஊசலாடுகிற குச்சியில் வளையத்தை நெரிப்பது கஷ்டம். ஃபிஷ், அங்கவடி இருக்கும்போதே அடித்தட்டில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, பிஸ்டனை இறக்கி, நெரித்து முடித்த பிறகுதான் வளைவை எடுத்தார். பழைய சர்வரை அணைக்காமல் புதியதை இணைத்துச் சோதித்துவிட்டு, அப்புறம் பழையதை இறக்குகிற வேலை!

இவ்வளவு செய்தும் ஒரு பயம் போகவில்லை. இறுக்கமாக நெரித்தால் காம்பைச் சுற்றியுள்ள சவ்வும் ரத்த நாளமும் நசுங்கி எலும்பு செத்துவிடுமோ? பல காலம் அப்படித்தான் நம்பினார்கள், அதனால் லேசாகவே நெரித்தார்கள். ஆனால் காம்புக்கு ரத்தம் எலும்பின் உள்வழியாகவும் வருகிறது என்று பின்னர் காட்டினார்கள். அப்படியானால் தேய்வதற்குப் பாதிக் காரணம் இறுக்கம் இல்லை, தளர்வு. தளர்ந்த வளையம் ஒவ்வொரு ஒலிக்கும், ஒவ்வொரு தும்மலுக்கும் எலும்பை உரசுகிறது. கிணற்று உருளைக் கட்டையில் கயிறு பள்ளம் விழுத்துகிற மாதிரி. பள்ளம் விழ விழ இன்னும் தளரும். இந்த வாதம் இன்னும் முழுசாக முடியவில்லை. ஆனால் மறு ஆபரேஷனுக்குத் திறக்கும் காதுகளில் திரும்பத் திரும்பக் காண்பவை இரண்டு: இடம் மாறிய பிஸ்டன், அரித்துப்போன பட்டடை.

இதை வாசித்துக்கொண்டிருந்த ராத்திரியில்தான் அந்தத் தலைப்பு கண்ணில் பட்டது. மெக்கீ என்ற அமெரிக்க டாக்டர் 1981-ல் எழுதிய ஒரு கட்டுரை, 'தளர்ந்த கம்பி நோய்க்குறி' என்று மொழிபெயர்க்கலாம். ஆபரேஷன் ஆகிப் பல காலம் நன்றாகக் கேட்டவர்களுக்கு, பிறகு ஒலி மங்கும், பேச்சு உடைந்து கேட்கும். நடுச்செவிக்குள் காற்றை ஏற்றினால் தற்காலிகமாகச் சரியாகும். காரணம் எளிது. தொண்டையிலிருந்து நடுச்செவிக்கு ஒரு குழாய் போகிறது. மூக்கைப் பிடித்து அழுத்தினாலோ கொட்டாவி விட்டாலோ அது திறந்து காற்று ஏறும், செவிப்பறை வெளியே தள்ளப்படும், கூடவே சுத்தியும் பட்டடையும் கொஞ்சம் நகரும். தளர்ந்த வளையம் அந்தக் கணத்தில் எலும்பின்மேல் பொருந்தும். காற்று இறங்கியதும் பழைய நிலை.

மணி ஒன்றரை இருக்கும். லேப்டாப்பை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருடமாக அந்த அம்மா எங்களுக்குத் துல்லியமான பக் ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். எப்போது வருகிறது, என்ன செய்தால் போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எல்லாம். நான் ஆன்டெனா ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன். இடையில் காட்டிய ஒரு டாக்டரும், பெயர் வேண்டாம், "வயசாச்சு, மெஷின் போட்டுக்குங்க" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். கொட்டாவி விஷயத்தை அத்தை அவரிடம் சொல்லவே இல்லை. சொன்னால் அவரும் சிரிப்பாரோ என்று கூச்சமாம்.

மறுபடி வேறு டாக்டர். கொட்டாவி என்று ஆரம்பித்ததுமே அவர் பேனாவை கீழே வைத்துவிட்டுக் கேட்டார். மறு ஆபரேஷன் முதல் ஆபரேஷன் மாதிரி இல்லை என்பதை மறைக்காமல் சொன்னார். முதல் தடவை, கை தேர்ந்தவர் செய்தால், பத்தில் ஒன்பது பேருக்கு நல்ல பலன். இரண்டாவது தடவை அந்த விகிதம் இல்லை. பழைய கம்பியை உட்செவியிலிருந்து எடுக்கும்போது மிச்சமிருக்கும் கேள்வியும் போகலாம். எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். ரொம்ப அரித்திருந்தால் எலும்பு சிமென்ட் வைத்துக் கட்டலாம், அதுவும் முடியாவிட்டால் பட்டடையை விட்டுவிட்டு சுத்தியிலேயே மாட்டலாம். அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்தத் தடவை கம்பி கழலாம இருக்குமா?"

அதற்கு டாக்டர் சொன்ன பதிலில்தான் எனக்கு நிட்டினால் அறிமுகம். நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறைய சரிபாதி கலந்த உலோகம். அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் ஏவுகணை முனைக்கு உலோகம் தேடியபோது கிடைத்தது. 1960-களின் தொடக்கத்தில் ஒரு கூட்டத்தில், மடித்து மடித்து வைத்த அதன் பட்டையை ஒருவர் சும்மா லைட்டரில் சூடு காட்ட, அது தானாக நீண்டு நிமிர்ந்ததாம். சூடு பட்டால் தன் பழைய வடிவம் ஞாபகம் வருகிற உலோகம். 2000-களில் இதை பிஸ்டன் கொக்கியாக்கினார்கள். திறந்த கொக்கியைக் காம்பில் மாட்டி, லேசரால் மெல்லிய சூடு காட்டினால் தானே மூடிக்கொள்ளும். இடுக்கியே வேண்டாம், கை நடுக்கம் பிரச்சினை இல்லை. குறையும் உண்டு. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது, சூடு கூடினால் எலும்புக்கு ஆபத்து, காம்பு எல்லாருக்கும் உருண்டையாக இல்லாததால் சில இடத்தில் இடைவெளி விடும். டைட்டானியத்தில் கிளிப் மாதிரி, அழுத்தினால் ஸ்பிரிங்காக ஏறி உட்கார்கிற வகையும் வந்திருக்கிறது. எது சிறந்தது என்று ஒரே பதில் இல்லை. எதை அந்த டாக்டரின் கை அதிகம் பழகியிருக்கிறது என்பதும் கணக்கில் வரும் என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

திறந்து பார்த்தபோது காம்பில் கம்பி இருந்த இடத்தில் பள்ளம். கயிறு, உருளை, அதே கதை. பாதிக்கு மேல் எலும்பு மிச்சம் இருந்தது. பள்ளத்துக்குக் கொஞ்சம் மேலே, தடிமனாக இருந்த இடத்தில் நிட்டினால் பிஸ்டனை மாட்டினார்கள். மரத்துப்போகும் ஊசி மட்டும்தான் என்பதால் அத்தை விழித்திருந்தார். கொக்கி மூடியதும் டாக்டர் ரகசியக் குரலில், "அம்மா, உங்க ஊர் எது?" என்று கேட்டிருக்கிறார். ஊர்ப் பெயரை அத்தை தியேட்டருக்கு வெளியே எங்களுக்குக் கேட்கிற அளவுக்குக் கத்திச் சொன்னார்.

முதல் ஆபரேஷன் அளவுக்குக் கேட்கவில்லை. உச்ச ஸ்தாயி ஒலிகள், 'ஸ', 'ச' எல்லாம் கொஞ்சம் மங்கல்தான், அது வயதின் பங்கு. ஆனால் மூக்கைப் பிடிக்கிற வேலை நின்றுவிட்டது.

போன வருடம் முட்டிக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போனோம். உடம்பில் உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். சாதாரணக் கேள்வி இல்லை இது. அதே மெக்கீயின் பெயரில் வழங்கும் பிஸ்டன்களில், 1987-ல் தயாரான ஒரு தொகுதியில் காந்தம் இழுக்கிற வகை ஸ்டீல் சேர்ந்துவிட்டது என்று திரும்பப் பெற்றிருக்கிறார்கள். நான் போனில் ஸ்கேன் செய்து வைத்த காப்பியைத் தேடுவதற்குள், அத்தை பையிலிருந்து அந்தப் பழைய பிளாஸ்டிக் கவரை எடுத்தார். ரேஷன் கார்டு நகலுக்குப் பின்னால், பிஸ்டனின் பெயரும் தொகுதி எண்ணும் அச்சடித்த புது அட்டை. "இதைப் படிச்சிட்டு உள்ள அனுப்புங்க தம்பி" என்றார்.